மரம் உக்கலும் பட்டைப்புண்ணும்: வன மரங்களின் பங்கசு நோய்களை இனங்காணல்

மரமொன்று நலமாக உள்ளதா என்பதை நாம் பெரும்பாலும் அதன் இலைகளைக் கொண்டே தீர்மானிக்கின்றோம். முடி பசுமையாக அடர்ந்திருந்தால் மரம் உறுதியானது என்றும், இலைகள் மஞ்சளித்து உதிர்ந்தால் நோயுற்றது என்றும் கொள்கின்றோம். நெல்லுக்கும் மிளகாய்க்கும் இம்முறை ஓரளவு பொருந்தலாம். பருத்து முதிர்ந்த மரத்துக்கு இது பொருந்தாது. அத்தகைய மரத்தின் அடிமரத்தில் உயிருள்ள பகுதி மிகவும் சிறிது. பட்டையின் உட்புறத்திலுள்ள உரியமும், மாறிழையமும், அதனையடுத்த மென்வைரமும் சேர்ந்த ஓர் உறையே அது. நடுவிலுள்ள வன்வைரம் இறந்த கலங்களாலானது, நீரைக் கடத்துவதில்லை, மரத்தைத் தாங்கி நிறுத்துவதே அதன் தொழில். ஆகவே வன்வைரம் முற்றாக உக்கிப்போன மரமும், உறை பழுதுபடாதவரை, பசுமையாகவே காட்சியளிக்கும்.

இதனை நாம் நூல்களில் முன்னரே படித்திருந்தோம். எனினும் கண்டி மாவட்டத்துப் பாடசாலை ஒன்றின் முற்றத்திலேயே உண்மையில் கற்றுக்கொண்டோம் எனலாம். விளையாட்டுத் திடலின் ஓரத்தில் இரு பெரிய மகோகனி மரங்கள் நின்றன. அவற்றுள் ஒன்றில், ஒருகாலத்தில் கிளை வெட்டப்பட்ட தழும்பிலிருந்து, தட்டுப்போன்ற பங்கசு ஒன்று வளர்ந்திருந்தது. பெற்றோர் அஞ்சினர், எம்மை அழைத்தனர். மாணவர் மூவருடன் சென்று மரச்சுத்தியலால் தட்டிப் பார்த்தோம். தழும்பையடுத்த பகுதி வெற்றொலி தந்தது. அம்மரத்தை வெட்டிவிடுதல் நன்று என்றோம். மற்றைய மரத்தின் முடி அடர்ந்திருந்தது. பங்கசு எதுவும் தென்படவில்லை. அதனால் அச்சமில்லை என்று கூறி வந்துவிட்டோம். முதல் மரம் வெட்டப்பட்டபோது அதன் உட்குழி ஒரு சாண் அகலத்துக்கு மேற்படவில்லை. அதனைச் சூழ்ந்து நல்ல வைரம் தடித்திருந்தது. அடுத்த ஆண்டு தென்மேற்குப் பருவக்காற்றின் தொடக்கத்தில், ஓர் இரவில், இரண்டாவது மரம் பிள்ளைகள் மதிய உணவு உண்ணும் வாங்குகளின் மீது வீழ்ந்தது. வேர்கள் நிலமட்டத்திலேயே முறிந்திருந்தன. அவற்றைச் சுற்றி மண்ணும் சிறுகற்களும் ஒட்டிய கபில நிறப் படை ஒன்று காலுறை போலப் படிந்திருந்தது. இரவு வேளையாதலால் எவருக்கும் தீங்கு நேரவில்லை. முதல்முறை சென்றபோது அடிமரத்து மண்ணைச் சற்று விலக்கிப் பார்த்திருந்தால் அரைமணி நேரத்தில் அதனைக் கண்டிருப்போம். அத்தவறு எம்முடையதே. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

உக்கலும் பங்கசும்

உக்கிய மரத்தில் பங்கசு காணப்படுவதை மனிதர் தொன்றுதொட்டு அறிந்திருந்தனர். ஆனால் எது காரணம், எது விளைவு என்பதில் நெடுங்காலம் மயக்கம் நிலவியது. மரம் தானாக உக்குகின்றது, அவ்வுக்கலிலிருந்தே பங்கசு தோன்றுகின்றது என்பதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அறிஞர் பலரதும் கருத்தாக இருந்தது. ஜேர்மனிய வனவியலாளரான தியோடர் ஹார்ட்டிக் 1833 இல் உக்கிய மரத்தினுள் நுண்ணிழைகளைக் கண்டார். எனினும் அவை மரக்கலங்களிலிருந்தே பிறந்தவை என எண்ணினார். அவருடைய மகனான றொபேட் ஹார்ட்டிக், 1874 இலும் 1878 இலும் வெளியிட்ட நூல்களில் இக்கருத்தைத் தலைகீழாக மாற்றினார். மரத்தின் வெளியே தோன்றும் தட்டும் உள்ளே பரவியுள்ள இழைகளும் ஒரே உயிரின் பகுதிகள் என்றும், அவ்வுயிரே உக்கலுக்குக் காரணம் என்றும், ஒவ்வோர் இனமும் தனக்கே உரிய வகையில் மரத்தை உக்கச் செய்கின்றது என்றும் அவர் நிறுவினார். தந்தை கண்டதை மகன் விளங்கிக்கொண்ட இவ்வரலாறு விஞ்ஞானத்தில் அடிக்கடி நிகழ்வதன்று.

ஒவ்வோர் இனமும் தனக்குரிய முறையில் உக்கச் செய்வதனால், உக்கிய மரமே நமக்கு முதற் சான்றாகின்றது. மரத்தின் கலச்சுவர் செலுலோசு, அரைச்செலுலோசு, இலிக்னின் ஆகிய மூன்று பொருள்களாலானது. செலுலோசு இழைகளைக் கம்பியாகவும் இலிக்னினைச் சீமெந்தாகவும் கொண்டால், கலச்சுவரைக் கம்பியிட்ட கொங்கிறீற்றுக்கு ஒப்பிடலாம். சில பங்கசுகள் இலிக்னின் உட்பட யாவற்றையும் சிதைக்கின்றன. எஞ்சும் மரம் வெளிறி, நாராகவோ பஞ்சாகவோ மாறும். கையால் பிரித்தால் நார்நாராக வரும். இது வெண் உக்கல். வேறு சில செலுலோசை உண்டு, இலிக்னினைச் சற்று மாற்றி விட்டுவிடுகின்றன. எஞ்சும் மரம் கபில நிறமடைந்து, சுருங்கி, சதுரக் கட்டிகளாக வெடிக்கும். விரலிடையே நசுக்கினால் தூளாகும். இது கபில உக்கல். மூன்றாவதான மென் உக்கலில், இழைகள் கலச்சுவரின் உள்ளேயே நுண்குழிகளைத் தோண்டுகின்றன. நீரில் ஊறும் மரத்திலும் மண்ணிற் புதைந்த கம்பங்களிலும் இதனைப் பெரிதும் காணலாம்.

வெப்பவலய நாடான இலங்கையின் அகன்ற இலை மரங்களில் வெண் உக்கலே மிகுதி. மரத்தை உக்கச் செய்யும் பசிடியோமைசீற்றுப் பங்கசுகளுள் கபில உக்கலை ஏற்படுத்துபவை பத்திலொரு பங்குக்கும் குறைவானவை. அவையும் பெரும்பாலும் ஊசியிலை மரங்களையே நாடுகின்றன. எனினும் கபில உக்கலைச் சிறிதாக எண்ணலாகாது. செலுலோசுக் கம்பிகள் முதலிலேயே துண்டிக்கப்படுவதால், மரத்தின் எடையில் பத்திலொரு பங்கு குறைவதற்கு முன்னரே அதன் வலிமையின் பெரும்பகுதி போய்விடுகின்றது. நிறத்திலும் எடையிலும் மாற்றம் புலப்படாத நிலையிலேயே மரம் முறியக்கூடும்.

உட்குழி விழுந்த மரம் எவ்வளவு வலியது?

உட்குழி விழுந்த மரங்கள் யாவும் அபாயமானவை அல்ல. காற்றில் வளையும் தண்டொன்றில் பெருமளவு பாரத்தைத் தாங்குவது வெளிப்பகுதியே. உருளை ஒன்றின் வளைவை எதிர்க்கும் ஆற்றல் அதன் ஆரையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறுகின்றது. ஆகவே ஆரையின் பாதியளவு உட்குழி விழுந்தால் இழக்கப்படும் ஆற்றல் பதினாறில் ஒரு பங்கே. அதாவது ஏறத்தாழ 6 சதவீதம். ஆரையில் 70 சதவீதம் உட்குழி விழுந்தாலும் இழப்பு 24 சதவீதமளவே. அதற்கப்பால் இழப்பு விரைந்து ஏறும். 90 சதவீதத்தில் அது 66 சதவீதமாகும். எஞ்சியுள்ள நல்ல மரச்சுவரின் தடிப்பு ஆரையில் 30 சதவீதத்துக்குக் குறைந்தால் அபாயம் உண்டு என்னும் விதி, ஜேர்மனியரான கிளவுஸ் மத்தெக்கின் ஆய்வுகளால் 1990 களில் பரவியது. பின்னர் இவ்வெல்லையைப் பலர் விமர்சித்தனர். உட்குழி ஒருபுறம் திறந்திருந்தாலோ, மையம் விலகியிருந்தாலோ, முடி அளவுமீறிப் பெருத்திருந்தாலோ இக்கணக்குப் பொருந்தாது. எனினும் ஒரு பொதுவான அளவுகோலாக இதனைக் கொள்வதில் தவறில்லை. நாம் வெட்டச் சொன்ன முதல் மகோகனியில் இக்கணக்கைச் செய்திருந்தால் அது இன்றும் நின்றிருக்கும்.

உக்கல் உள்ளே எவ்வழியாகப் பரவுகின்றது என்பதற்கு அமெரிக்க வனத்துறை ஆய்வாளரான அலெக்ஸ் ஷைகோ 1977 இல் வெளியிட்ட விளக்கம் இன்றும் பயன்படுகின்றது. ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அரிந்து பார்த்து அவர் இம்முடிவுக்கு வந்தார். விலங்கின் புண் ஆறுவதுபோல மரத்தின் புண் ஆறுவதில்லை. பழுதுபட்ட இழையம் மீளப் புதுப்பிக்கப்படுவதுமில்லை. மரம் செய்வதெல்லாம் பழுதைச் சுற்றி மதில் எழுப்புவதே. மேலும் கீழுமாகப் பரவலைத் தடுக்கும் மதில் மிக மெலிந்தது. உள்நோக்கிய பரவலைத் தடுப்பது அதனிலும் சற்று வலியது. பக்கவாட்டில் தடுப்பது மேலும் வலியது. புண் ஏற்பட்ட பின்னர் மாறிழையம் புதிதாகத் தோற்றுவிக்கும் மதிலே யாவற்றிலும் வலியது. இதனாலேயே உக்கல் தண்டினுள் நீண்ட தூண்போல அமைகின்றது. புண் ஏற்பட்ட நாளில் மரத்தின் பருமன் எவ்வளவோ, உட்குழியும் பெரும்பாலும் அவ்வளவோடு நின்றுவிடுகின்றது. கிளையைத் தண்டோடு ஒட்ட வெட்டும் நம் நாட்டு வழக்கம் இங்குக் கண்டிக்கத்தக்கது. கிளையின் அடியிலுள்ள புடைப்பான கழுத்துப் பகுதியிலேயே இயற்கையான தடுப்பு அமைந்துள்ளது. அதனைச் சேர்த்து வெட்டினால் பங்கசுக்குக் கதவு திறந்துவிடப்படுகின்றது. வெட்டுவாயில் தார் பூசுவதனால் அக்கதவு மூடப்படுவதில்லை.

தட்டுப் பங்கசுகளை நோக்குதல்

மரத்தில் தோன்றும் தட்டு, பங்கசின் வித்தியுடலேயன்றிப் பங்கசு முழுவதும் அன்று. உள்ளே இழைகள் பல ஆண்டுகள் பரவிய பின்னரே அது வெளிப்படுகின்றது. சில இனங்களில் வெளிப்படாமலே போவதுமுண்டு. தட்டு இல்லாமை நோயின்மைக்குச் சான்றாகாது என்பதை மேலே கூறிய அனுபவம் எமக்கு உணர்த்தியது. மறுபுறம், தட்டு இருப்பதும் எப்பொழுதும் பெருநோய்க்குச் சான்றாகாது. செம்மஞ்சள் நிறமான மெல்லிய பிக்னோபொரசுத் தட்டுகளையும், அடிப்புறம் பிளந்த செதில்களைக் கொண்டு விசிறிபோல விரியும் சைசோபில்லத்தையும் வெட்டிய குற்றிகளிலும் காய்ந்த கிளைகளிலும் எங்கும் காணலாம். இவை பெரும்பாலும் அழுகல்வளரிகள். வெயிலால் காய்ந்த பட்டை, தீயால் வெந்த பகுதி, மின்னல் தாக்கிய கீற்று ஆகியவற்றில் இவை பின்னரே குடியேறுகின்றன. இவற்றை நோய்க்காரணி எனக் கொள்வோர், வீடு எரிந்த பின்னர் சாம்பலை அள்ள வந்தவனைத் தீ வைத்தவன் என்பவராவர்.

வித்தியுடலைக் காணும்போது நோக்கவேண்டியவை சில. முதலாவது, அது மரத்தின் எவ்விடத்தில் உள்ளது என்பது. வேரடியில் தோன்றுவது வேர் அல்லது அடிமர உக்கலையும், உயரத்தில் கிளைத்தழும்பில் தோன்றுவது தண்டின் வன்வைர உக்கலையும் குறிக்கும். அடுத்து, அது ஓராண்டுக்குரியதா பல்லாண்டுக்குரியதா என்பது. பல்லாண்டு வாழும் தட்டை நெடுக்காக வெட்டினால் குழாய்ப் படைகள் ஒன்றன்மேலொன்றாக அமைந்திருக்கும். அடிப்புறம் துளைகளாலானதா, செதில்களாலானதா, மழமழப்பானதா என்பதும், உட்சதையின் நிறமும் மிக முக்கியமானவை. மேற்புறத்து நிறம் வெயிலாலும் மழையாலும் மாறுவது; அதனை நம்புதல் கூடாது.

கனோடேர்மா இனங்களை இனங்காணல் எளிது. மேற்புறம் தடித்த ஓடு போன்றது. சிலவற்றில் வார்னிசு பூசியது போல மினுங்கும். வித்திகள் கபில நிறமானவை. பெரிய தட்டொன்று ஒரு நாளில் முப்பதாயிரம் மில்லியன் வித்திகள்வரை உதிர்ப்பதாகக் கணித்துள்ளனர். அதனால் தட்டின் மேற்புறமும் அருகிலுள்ள இலைகளும் கொக்கோத் தூள் தூவியது போலக் காட்சியளிக்கும். வித்திகள் கீழ்நோக்கி விழுவனவாயின் மேற்புறத்தில் எவ்வாறு படிகின்றன என மாணவர் கேட்பதுண்டு. காற்றுச் சுழற்சியே காரணம். உட்சதை துருநிறமாகவோ மஞ்சட் கபிலமாகவோ இருப்பின், பொட்டாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் ஒரு துளியை அதன்மீது இடுதல் வேண்டும். உடனே நிலையாகக் கறுத்தால் அது பெல்லினசு முதலியன அடங்கிய ஐமனோகீற்றேசியே குடும்பத்தைச் சேர்ந்தது எனப் பெரும்பாலும் கொள்ளலாம். ஒரு சிறு போத்தலும் துளிகுழலும் போதும், வனத்திலேயே செய்துவிடலாம். இதனிலும் சிக்கனமான சோதனையை நாம் அறியோம்.

கபில வேர் நோய்

பாடசாலை மரத்தை வீழ்த்திய நோய் இதுவே. அதன் காரணியான பெல்லினசு நொக்சியசு இருநூறுக்கும் மேற்பட்ட தாவர இனங்களைத் தாக்குவது. தேயிலை, இறப்பர், கொக்கோ முதல் மகோகனி, தேக்குவரை அதற்கு விருந்துவழங்கிகளாகும். இந்நோய் பற்றிய தொடக்ககால அறிவிற்கு இலங்கையின் பங்களிப்புக் கணிசமானது. 1905 இல் பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்குப் பங்கசியலாளராக வந்த தொமஸ் பெச், தேயிலை, இறப்பர் ஆகியவற்றின் வேர்நோய்களை விரிவாக ஆராய்ந்தார். அவர் 1925 இல் அமைந்த தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதற் பணிப்பாளராகவும் விளங்கினார். நோயின் அடையாளங்களை அவர் துல்லியமாக விவரித்தபோதிலும், பங்கசின் பெயர் நெடுங்காலம் தெளிவுபடவில்லை. வித்தியுடல் அரிதாகவே தோன்றுவதே இதற்குக் காரணம். சிங்கப்பூர்த் தாவரவியற் பூங்காவிற் பணியாற்றிய கோணர் 1932 இல் அதனைத் தனி இனமாக விவரித்தார். அது 1965 இல் பெல்லினசு என்னும் சாதிக்கு மாற்றப்பட்டது. 2018 இல் பைரோடேர்மா என்னும் சாதியில் வைக்கப்பட்டது. பெயர் மாறினும் நோய் மாறவில்லை. களத்தில் கபில வேர் நோய் என்னும் பழைய பெயரே பயன் மிக்கது.

இழைகள் வேரின் மேற்பரப்பைப் போர்த்துக்கொண்டு முன்னேறுகின்றன. முன்னேறும் விளிம்பு பால்வெண்மையாக இருக்கும். ஈரமான காலத்தில் அங்கு நீர்த்துளிகளும் அரும்பும். அதன் பின்னுள்ள பகுதி விரைவிற் கபிலமாகி, பின்னர் கருங்கபிலமாகி, மண்ணையும் மணலையும் தன்னோடு பற்றிக்கொள்ளும். கழுவினாலும் அகலாத அம்மண்படையே இந்நோயின் முதலாவது அடையாளம். சில மரங்களில் அது அடிமரத்தில் ஒரு மீற்றர் உயரம்வரை ஏறுவதுண்டு. இரண்டாவது அடையாளம் மரத்தினுள் உள்ளது. உக்கிய வேரை வெட்டினால், வெளிறிய மரத்தினூடே கபிலக் கோடுகள் வலைபோல் ஓடும். முதிர்ந்த நிலையில் அது தேன்கூட்டைப் போன்றிருக்கும். இவ்விரண்டும் ஒருங்கே காணப்படின் ஆய்வுகூடத்துக்குச் செல்லாமலே முடிவு கூறலாம்.

இது பரவுவது பெரும்பாலும் வேரும் வேரும் தொடும் வழியிலேயே. வித்திகளும் புதிதாக வெட்டிய குற்றிகளில் முளைக்கக்கூடும். காடழித்துத் தோட்டம் அமைத்தபோது நிலத்தில் விடப்பட்ட குற்றிகளைச் சூழ்ந்து தேயிலைச் செடிகள் வட்டவட்டமாக மடிந்தமை இதனாலேயே. இறந்த வேரினுள் இப்பங்கசு பத்தாண்டுகளுக்கும் மேலாக உயிரோடிருக்கும். எனவே மரத்தை வெட்டிவிட்டுக் குற்றியை நிலத்தில் விடுதல் அரைகுறைப் பரிகாரம்; அதே குழியில் மீண்டும் மரம் நடுதல் பரிகாரமே அன்று. நோயுற்ற வேர்களை இயன்றவரை தோண்டி எடுத்து எரித்தலும், அயல் மரங்களின் வேர்த் தொடர்பை அகழியால் துண்டித்தலும் பெச்சின் காலம் முதல் கூறப்பட்டு வருவன. இன்றும் இவற்றினும் உறுதியான வழி கிடைத்திலது.

இந்நோய் தோட்டங்களோடு நிற்பதில்லை. தாய்வான், ஹொங்கொங், அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் ஆகிய இடங்களில் நகர மரங்களையும் அது வாட்டுகின்றது. நகரத்து மரம் வீழ்ந்தால் நேரக்கூடியதை ஹொங்கொங் 2008 இல் வேறொரு நிகழ்ச்சியால் அறிந்தது. அவ்வாண்டு ஓகத்து மாதத்தில் ஸ்ரான்லி என்னும் இடத்தில் முதிய முள்முருக்கு மரம் ஒன்று வீழ்ந்து பல்கலைக்கழக மாணவி ஒருவர் உயிரிழந்தார். பழமையும் பெறுமதியும் வாய்ந்ததெனப் பதிவு செய்யப்பட்டிருந்த மரம் அது. அதன் பின்னர் 2010 இல் மர முகாமைக்கென அரசு தனி அலுவலகம் அமைத்தது.

வேரடியில் தேடவேண்டிய மற்றுமொரு நோய் கரிக்குற்றி உக்கல். கிறெற்ஸ்மாரியா தியுஸ்ரா என்னும் அசுக்கோமைசீற்றுப் பங்கசே அதன் காரணி. அதனை யுஸ்ரிலீனா எனப் பழைய நூல்கள் குறிக்கும். மலைநாட்டில் நிழலுக்கு நட்ட கிரவிலியா மரங்களின் குற்றிகளிலிருந்து அது தேயிலைக்குப் பரவியதுண்டு. வித்தியுடல் தட்டன்று, தீயிற் கருகிய பட்டை போன்ற கரிய, நொறுங்கும் மேலோடு. குப்பை எரித்த தழும்பெனப் பலர் அதனைக் கடந்து செல்வர். பட்டையை நீக்கினால் மரத்தின்மீது விசிறி வடிவான வெண்ணிழைகளும், மரத்தினுள் கரிய கோடுகளும் தென்படும். இந்நோயுற்ற மரம் வளைந்து எச்சரிக்காது. ஓடு உடைவதுபோல ஒரே முறியாக முறியும்.

பட்டைப்புண் நோய்கள்

உக்கல் நோய் மரத்தைத் தாங்கும் பகுதியை அழிக்க, பட்டைப்புண் நோய் மரம் வாழும் பகுதியை அழிக்கின்றது. பட்டையும் மாறிழையமும் ஓரிடத்தில் இறந்து, அவ்விடம் தாழ்ந்தோ வெடித்தோ தோன்றுவதே பட்டைப்புண். இறப்பு தண்டை முற்றாகச் சூழ்ந்துகொண்டால் அதற்கு மேலுள்ள பகுதி மடியும். ஐயத்துக்குரிய இடத்தின் விளிம்பைக் கூரிய கத்தியால் மெல்லச் சீவிப் பார்த்தால் உயிருள்ள உட்பட்டை வெண்மையாகவோ இளம்பச்சையாகவோ ஈரமாக இருக்கும். இறந்தது கபிலமாக இருக்கும். இரண்டிற்கும் இடைப்பட்ட எல்லையிலேதான் காரணியைத் தேடுதல் வேண்டும். நடுவே பார்த்தால் பின்னர் வந்த அழுகல்வளரிகளே கிடைக்கும்.

புண்ணின் வடிவம் மரத்துக்கும் பங்கசுக்கும் இடையே நிகழும் போராட்டத்தின் பதிவாகும். பங்கசு ஒரு பருவத்தோடு நின்றுவிட்டால் மூடுபடை வளர்ந்து புண்ணை மூடிவிடும். மரம் ஓய்ந்திருக்கும் காலத்தில் பங்கசும், வளரும் காலத்தில் மரமும் மாறி மாறி முன்னேறினால், ஒன்றனுள் ஒன்றாக அமைந்த வரம்புகளோடு புண் இலக்குப் பலகை போலத் தோன்றும். குளிர்நாடுகளில் நெக்றியா வகைப் பங்கசுகள் இவ்வாறான புண்களை ஏற்படுத்துகின்றன. வரம்புகளை எண்ணிப் புண்ணின் வயதையும் அங்கு கூறுவர். வளர்ச்சிப் பருவம் தெளிவாகப் பிரியாத எமது ஈரவலய மரங்களில் அவ்வாறு எண்ணுதல் பிழையான முடிவையே தரும். மூடுபடை எழ அவகாசமின்றிப் பங்கசு விரைந்து பரவினால் புண்ணுக்கு வரம்பே இராது. மிகக் கொடியது இதுவே. 1904 இல் நியூயோர்க் விலங்கியற் பூங்காவில் முதலில் கவனிக்கப்பட்ட செஸ்நட் மரநோய் இவ்வகையினது. ஆசியாவிலிருந்து வந்த கிறிபோனெக்றியா பரசிற்றிக்கா என்னும் அப்பங்கசு, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுள் கிழக்கு அமெரிக்கக் காடுகளின் செஸ்நட் மரங்களில் பெரும்பாலானவற்றை அழித்தது. மடிந்தவை மூவாயிரம் முதல் நாலாயிரம் மில்லியன் வரை எனக் கணிப்பர். பட்டையிற் செம்மஞ்சட் குருக்களும், பட்டையின் கீழ் விசிறி வடிவான வெளிர்மஞ்சள் இழைப்படைகளும் அதன் அடையாளங்கள். 1938 இல் அந்நோய் இத்தாலியில் காணப்பட்டபோது அங்கும் அவ்வழிவே நேரும் என அஞ்சினர். ஆனால் 1950 களில் சில புண்கள் தாமாகவே ஆறத் தொடங்கின. பங்கசையே ஒரு வைரசு பற்றி அதன் வீரியத்தைக் குன்றச் செய்திருந்தது.

எமக்கு அண்மையானது இளஞ்சிவப்பு நோய். அதன் பங்கசை இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மாதிரிகளைக் கொண்டே பேர்க்லியும் புறூமும் 1873 இல் கோர்ட்டிசியம் சால்மோனிகலர் எனப் பெயரிட்டனர். இன்று அது எரித்திரீசியம் என்னும் சாதியில் வைக்கப்படுகின்றது. இறப்பர், கொக்கோ, கோப்பி, யூக்கலிப்டசு முதலிய பல மரங்களை அது தாக்குகின்றது. கேரளத்தின் மழை மிகுந்த பகுதிகளில் யூக்கலிப்டசு வனத்தோட்டங்களுக்குப் பேரிழப்பை விளைவித்ததும் இதுவே. நீர் தேங்கும் கிளைக்கவரில் முதலில் சிலந்திவலை போன்ற பட்டிழைகள் படரும். அடுத்து வெண்ணிறப் பருக்கள் எழும். பின்னர் கிளையின் நிழற்புறத்தில் இளஞ்சிவப்பு மேலோடு பரவி, காய்ந்ததும் சிறு சதுரங்களாக வெடிக்கும். வெயில் படும் புறத்தில் செம்மஞ்சட் குருக்கள் தோன்றும். இக்கடைசி நிலை முன்னர் வேறொரு பங்கசெனக் கருதப்பட்டுத் தனிப்பெயரும் பெற்றிருந்தது. கிளை மடிந்து, அதன் கீழே புதுத் தளிர்கள் கூட்டமாக முளைப்பதைத் தொலைவிலிருந்தே காணலாம். இளஞ்சிவப்பு மேலோடு தோன்றும் வரை காத்திருந்தால் கிளை தப்பாது. சிலந்திவலை நிலையிலேயே கண்டு போடோக் கலவை இட்டால் தப்பக்கூடும்.

பட்டையிலுள்ள காயங்கள் யாவும் பங்கசால் வந்தவையல்ல. உலர்வலயக் காடுகளில் யானை பட்டையை உரித்த காயம் உயரத்திலும், தந்தம் பதிந்த தடங்களோடும் காணப்படும். தீக்காயம் வேரடியில் முக்கோண வடிவில் ஒருபுறமாக அமையும். அயல் மரங்களிலும் அதே உயரத்தில் கரி இருக்கும். வெயிற்காயம் புதிதாக நிழல் நீக்கப்பட்ட மரங்களில் மேற்குப் புறத்தில் வரும். இவற்றை விலக்கிய பின்னரே நோயெனக் கூறுதல் முறை.

ஆய்வுகூடத்துக்கு அனுப்புமுன்

களத்தில் தீராத ஐயத்தை ஆய்வுகூடம் தீர்க்கக்கூடும். காலிக் அமிலமோ தனிக் அமிலமோ சேர்த்த அகர் ஊடகத்தில் பங்கசை வளர்த்தால், வெண் உக்கற் பங்கசைச் சூழ்ந்து கபில வளையம் தோன்றும். கபில உக்கற் பங்கசைச் சூழ்ந்து பொதுவாகத் தோன்றாது. பாவென்டாம் 1928 இல் வெளியிட்ட இச்சோதனை இன்றும் மலிவானது, நம்பத்தக்கது. வித்தியுடலின் இழை வகைகளை நுணுக்குக்காட்டியிற் பிரித்து நோக்கும் முறையை மேற்கூறிய கோணரே 1932 இல் தொடக்கிவைத்தார். டீ.என்.ஏ.யின் ஒரு பகுதியைக் கொண்டு இனங்காணும் முறை 2012 இல் பங்கசுகளுக்குப் பொதுவான அளவையாக ஏற்கப்பட்டது. வித்தியுடல் தோன்றாத வேர்நோய்களில் இது பேருதவியாகும். ஆயினும் மரத்தினுள் பல பங்கசுகள் ஒருங்கே வாழ்வதால், எவ்விடத்திலிருந்து துண்டு எடுக்கப்பட்டது என்பதிலேயே விடை தங்கியுள்ளது.

ஆகையால் மாதிரியை உக்கலின் நடுவிலிருந்து எடாது, நல்ல மரமும் உக்கிய மரமும் சந்திக்கும் எல்லையிலிருந்து, இரண்டும் அடங்குமாறு எடுத்தல் வேண்டும். அதனைக் கடதாசி உறையில் இடுதல் நன்று. பொலித்தீன் பையில் இட்டால் இரண்டு நாளில் பச்சைப் பூஞ்சணம் மூடிவிடும். வித்தியுடலாயின் ஒரு துண்டை இரவு முழுவதும் வெள்ளைத் தாளின்மீது வைத்து வித்திப் பதிவு பெறலாம். மரத்தின் பெயர், மாதிரி எடுத்த உயரம், மரம் நின்றதா வீழ்ந்ததா என்பது, அயலிலுள்ள குற்றிகள், நாள் ஆகியன உறையின் மீதே எழுதப்படல் வேண்டும்.

பாடசாலைக்கு நாம் மீண்டும் சென்றபோது வீழ்ந்த மரம் அறுத்து அகற்றப்பட்டிருந்தது. குற்றி மட்டும் எஞ்சியிருந்தது. அதன் வேர்கள் ஓடிய திசையில் ஆறு மீற்றர் தொலைவில் இளம் பலா ஒன்று நின்றது. இலைகள் பசுமையாகவே இருந்தன. இம்முறை மண்வெட்டியையும் கொண்டு சென்றிருந்தோம். அடிமரத்தைச் சூழ்ந்த மண்ணை விலக்கினோம். மூன்று வேர்கள் தூய்மையாக இருந்தன. குற்றியை நோக்கிய நான்காவது வேரில், பால்வெண்மையான விளிம்பு அடிமரத்திலிருந்து ஏறத்தாழ ஒரு முழத் தொலைவில் நின்றது. அவ்வேரை வெட்டி எடுத்து, குற்றிக்கும் பலாவுக்கும் இடையே முழங்கால் ஆழத்தில் அகழி தோண்டினோம். குற்றியைக் கிளப்பி எரிப்பதற்கு அதிபர் ஆள் அமர்த்தினார்.